மாம்பெத் சொன்ன எண்

உட்காருவதற்கு நல்ல நாற்காலி கொடுத்திருக்கிறீர்கள், தம்பி. சாய்மானம் நேராக இருக்கிறது, இடுப்புக்குக் கொஞ்சம் பஞ்சும் வைத்திருக்கிறார்கள். காவல் நிலையத்தில் இப்படி ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருடம் முதுகுவலிக்காரர்களோடு காலம் தள்ளியவளுக்கு, ஓர் அறைக்குள் நுழைந்தால் முதலில் நாற்காலிதான் கண்ணில் படும், மனிதர்கள் அப்புறம்தான். நம் மலைநாட்டு வழக்கப்படி தேநீரில் உப்புப் போட மறந்துவிட்டீர்கள். பரவாயில்லை, நான் எதற்கும் பழகிக்கொள்கிறவள்.

என் பெயர் கனிஷாய். ஏரிக்கரையில் இருக்கிற சேற்றுக் குளியல் ஆரோக்கிய நிலையத்தில் மனநல ஆலோசகர். டாக்டர் அல்ல. ஆனால் வெள்ளைக் கோட்டு போட்டவளை நம் ஊரில் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? நானும் திருத்தித் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். எங்களிடம் வருகிறவர்கள் பாதிப் பேர் குதிரை முதுகிலேயே இடுப்பைத் தேய்த்துவிட்ட மேய்ப்பர்கள். மீதிப் பேர் தையல் ஆலையில் கழுத்தைத் தொலைத்த பெண்கள். சேறு அவர்களைக் குணப்படுத்தாது. வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். அது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனாலும் வருடா வருடம் வருவார்கள், சாப்பாடு நன்றாக இருக்கும் என்று.

போன இலையுதிர் காலத்தில் தலைநகரத்து ஆய்வு நிறுவனம் ஒன்றிலிருந்து எனக்கு வேலை வந்தது. தீராத வலியோடு வாழ்கிறவர்களின் மனது எவ்வளவு உறுதியானது, அடி விழுந்தால் எவ்வளவு சீக்கிரம் எழுந்து நிற்கும் என்று அளக்க வேண்டும். அதற்கு 'மீள்திறன்' என்று பெயர். கேள்விகளை அவர்களே அனுப்பியிருந்தார்கள். 'கஷ்டமான காலத்துக்குப் பிறகு நான் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடுகிறேன்' என்று நான் படிப்பேன். அவர்கள் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். வலிக்குத் தனியாகப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு கணக்கு. சுலபமான வேலை என்றுதான் நினைத்தேன்.

நம் ஆட்களைப் பற்றி யோசிக்காமல் நினைத்துவிட்டேன். நம்மில் ஒருவனைத் தூக்குக் கட்டிலில் வைத்துக் கொண்டுவந்து எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள். "கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா, ஆடு மாடெல்லாம் நல்லா இருக்கா?" என்பான். குறை சொன்னால் மரியாதை இல்லை. இருக்கிற கொஞ்ச நல்லதும் கோபித்துக்கொண்டு போய்விடும் என்று பயம் வேறு. ஆக, எல்லாருக்கும் ஐந்துக்கு ஐந்து. வலி எவ்வளவு என்றால் எல்லாருக்கும் கடவுள் புண்ணியம்.

நிறுவனத்து அம்மாள் தொலைபேசியில் சிரித்தார். "என்ன கனிஷாய், உங்க ஊர்ல இருக்கிறது மனுஷங்களா, பாறாங்கல்லா? எல்லாருக்கும் ஒரே மார்க்கு வந்தா அது அளவே இல்ல. ஏறி இறங்கணும். இறங்கி ஏறணும். இல்லாட்டி வேற ஊரப் பார்த்துக்கிறோம்."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை ஒழுங்கான வேலை கிடைத்திருக்கிறது, அதை நாலு கிழவர்களின் மரியாதை கெடுப்பதா?

யோசித்துப் பார்த்தேன். ஒரு கயிறு எவ்வளவு பாரம் தாங்கும் என்று கயிற்றிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. பாரத்தைக் கட்டித் தொங்கவிட வேண்டும். இதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

சின்னதாகத்தான் ஆரம்பித்தேன். காலைக் கஞ்சியில் வெண்ணெயை நிறுத்தினேன். 'உடம்பு இளைக்கும், நல்லது' என்று சந்தோஷப்பட்டார்கள். லிப்டைப் பூட்டினேன். மாடிப்படியில் ஆளுக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்து பாட்டுக் கட்ட ஆரம்பித்தார்கள். சேற்றைச் சூடாக்காமல் விட்டேன். ஒரு தையல்காரப் பெண் பல் கிட்டிக்க வெளியே வந்து, குளிர்ந்த சேறு தோலுக்கு மினுமினுப்பு என்று எல்லாரிடமும் சொன்னாள். மறுநாள் கேட்டு வாங்கிக் குளித்தார்கள். வர்ணம் அடிக்க வேண்டும் என்று எல்லாருடைய கைத்தடிகளையும் வாங்கி வைத்துக்கொண்டேன். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அப்படி நடந்ததில் ஒரு ஜோடிக்குக் கல்யாணமே நிச்சயமாகிவிட்டது. எழுபது வயதில். எனக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்து ஆசீர்வாதம் கேட்டார்கள். ஓர் ஆய்வாளருக்கு இதைவிட அவமானம் வராது.

மாத்திரை விஷயத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். வலி மாத்திரை மஞ்சள். அதற்குப் பதிலாக வெள்ளைச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்தேன். புது மருந்து, ஜெர்மன்காரன் செய்தது என்றேன். சுண்ணாம்புச் சத்து யாரையும் கொன்றதாக நான் கேள்விப்பட்டதில்லை, எலும்புக்கு நல்லதுதான். சுவருக்கு அந்தப் பக்கம் முனகல் கேட்கும். தலையணையைக் கடித்துக்கொண்டு முனகுகிற முனகல். இரண்டு பேர் படுக்கையை விட்டு எழவே இல்லை. காலையில் போய்க் கேட்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான், டாக்டரம்மா" என்பார்கள். மஞ்சள் மாத்திரைகளை நான் வீணாக்கவில்லை. நல்ல மருந்து, என் மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்தேன். பொருளை வீணாக்குவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

மாம்பெத்துக்கு வருகிறேன்.

மாம்பெத் மேல்கரை கிராமத்துக்காரர். ஆயுள் முழுக்க மேய்ப்பர். ஒரு குளிர்காலத்தில் குதிரையோடு உருண்டு விழுந்து முதுகெலும்பில் மூன்று கணு நசுங்கியவர். கட்டிலிலிருந்து எழ இரண்டு ஆள் வேண்டும். அவரைத் தூக்கும்போது முகம் சாம்பலாகிவிடும். அந்த முகத்தை வைத்துக்கொண்டே, "மெதுவாடி பொண்ணே, நான் சாக்குமூட்டை இல்ல, சாக்குமூட்டைக்கு மாமனார் வயசு" என்று நர்ஸ் சாய்ராவைச் சிரிக்க வைப்பார். சாய்ரா என்னிடம் வேலை கற்றவள். அவரைத் தூக்கிவிட்டு வெளியே வந்து அழுவாள்.

நான் தினமும் போய்க் கேட்பேன். "மாம்பெத் ஐயா, பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு எண் சொல்லுங்க. ஒரே ஒரு எண்."

"என் ஆடுங்களையே நான் எண்ணினதில்ல டாக்டரம்மா. எண்ணினா ஓநாய்க்குக் காது கேட்டுடும்."

"இது ஆடு இல்லையே, ஐயா. வலி."

"அதுக்கும் காது இருக்கும்."

அவர் மட்டும் எண்ணே சொல்லவில்லை. மற்றவர்கள் பொய்யாவது சொன்னார்கள். வெள்ளை மாத்திரை கொடுக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் உதட்டில் ரத்தம் வரக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். அன்றைக்குத்தான் வாய் தவறிச் சொன்னார். "கூபாத் வர்ற வரைக்கும் தாங்கிக்குவேன். அவன் வந்துட்டா அப்புறம் என்ன."

கூபாத் அவருடைய ஒரே மகன். மனைவி போய் ரொம்ப காலம் ஆகிறது. பையன் ரஷ்யாவின் வடகோடியில், எரிவாயுக் கிணற்றில் வேலை செய்கிறான். அங்கே தொலைபேசி எடுக்காது. வேலை முறை முடிந்து ஊருக்குள் வந்தால்தான் பேசுவான். வசந்தத்தில் வருவான், அப்பனும் மகனும் கோடை மேய்ச்சலுக்கு மலை ஏறுவார்கள் என்று ஏற்பாடு. முதுகு இப்படி இருக்க எப்படி ஏறுவீர்கள் என்று கேட்டதற்கு, "குதிரைகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன், அது பார்த்துக்கும்" என்றார். கூபாத்துக்கென்று ஒரு சிவப்புக் குதிரையை வேறு யாரையும் ஏறவிடாமல் வளர்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நான் அளந்துகொண்டிருந்தது மாம்பெத்தின் மனதையே அல்ல. தடி ஊன்றி நிற்கிறவனைப் பார்த்துவிட்டு அவன் காலுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். தடியை எடுத்துவிட்டு அல்லவா பார்க்க வேண்டும்? கைத்தடியை நான் ஏற்கெனவே எடுத்துவிட்டேன். மீதி இருந்தது மகன்.

இங்கே ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. நான் பொய் சொல்லவில்லை. கூபாத் செத்துவிட்டான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சாட்சிகளைக் கேளுங்கள், யாருமே சொல்லவில்லை என்றுதான் சொல்வார்கள்.

உங்களுக்குத் தெரியாததா? நாம் சாவை வாயால் சொல்கிற ஜனம் இல்லை. வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் பெரியவர்கள் கூடிப் பேசி, ஒன்றாகப் போய், தொப்பியைக் கழற்றாமல் அவன் பக்கத்தில் உட்காருவார்கள். எதையோ சுற்றி வளைத்துப் பேசுவார்கள். அவனாகப் புரிந்துகொள்ளும் வரை காத்திருப்பார்கள். யார், எப்போது, எப்படி என்று எதிர்க்கேள்வி கேட்பதும் அநாகரிகம். எனக்கு இந்த வழக்கம் பிடிக்கும். மென்மையான வழக்கம்.

எங்கள் கூடத்தில் நாலு கிழவர்கள் நாள் முழுக்க டோமினோ ஆடுவார்கள். அவர்களில் மூத்தவர் கெரிம்பாய். மாம்பெத்தின் பால்ய சிநேகிதர். ஒரு மத்தியான வேளையில் அவரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டேன்.

"கெரிம்பாய் ஐயா, மாம்பெத் ஐயாகிட்ட... எனக்கு வாய் வரல. நீங்க நாலு பேருமாப் போய் அவர் பக்கத்துல உட்காருங்க."

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். ஆணியில் தொங்கிய வெள்ளைக் கம்பளித் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். எனக்கு வாய் வரவில்லை என்பது உண்மைதான். சொல்வதற்கு ஒன்றும் இல்லாதபோது எப்படி வரும்?

நாலு பேரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். நான் கதவருகே பென்சிலோடு நின்றேன்.

மாம்பெத் சிரித்தார். "என்னய்யா, டோமினோக் கட்டையெல்லாம் எங்க விட்டுட்டு வந்தீங்க? தோத்த கோவம் இன்னும் போகலியா?"

யாரும் தொப்பியைக் கழற்றவில்லை.

"மாம்பெத்து," என்றார் கெரிம்பாய், "அந்தப் பெரிய பனியில மந்தையே செத்தப்பக்கூட நீ கலங்கல. உன்ன எங்களுக்குத் தெரியும்."

"அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. வேட்டைக்குப் பறக்க விட்ட பருந்து எல்லாமா திரும்பி வருது?"

மாம்பெத்தின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது, யாரோ எடுக்க மறந்த பொருள் மாதிரி. நாலு தொப்பிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கூபாத்தா?"

நாலு தொப்பியும் குனிந்தன. அவர்களுக்கும் அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது, தம்பி. அவர் வாயிலிருந்துதான் தெரிந்துகொண்டார்கள்.

இரண்டு ஆள் தூக்க வேண்டிய மனிதர் தானாக எழுந்து நின்றார். தடி இல்லை, பிடிமானம் இல்லை. ஜன்னல் வரை நடந்தார். ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை நான் எந்தக் கேள்விக்குக் கீழே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் அடங்கியதும் கிட்டே போய், "எண் ஏதாவது சொல்ல முடியுமா, ஐயா?" என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

திரும்பிப் பார்த்தார். "எந்த வலிக்கு, டாக்டரம்மா?"

நியாயமான கேள்வி. விடை இல்லை என்று குறித்துக்கொண்டேன்.

தாழ்வாரத்தில் கெரிம்பாய் என் கையைப் பிடித்தார். "கூபாத்துதானே?"

"நீங்கதானே உள்ள இருந்தீங்க, ஐயா," என்றேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்த எதிலும் எனக்குப் பங்கு இல்லை. அவரை ஊருக்குக் கூட்டிப்போய், மேல்கரையில் மாம்பெத்தின் முற்றத்தில் கூடாரம் எழுப்பினார்கள். ஆண்கள் வெளியே தடியை ஊன்றிக் குனிந்து நின்று, வருகிறவர்களைப் பார்த்து ஓலமிட்டார்கள். மாம்பெத் முதல் ஆளாக நின்றார், காலையிலிருந்து பொழுது சாயும் வரை. பெண்கள் உள்ளே ஒப்பாரி வைத்தார்கள். எப்படிச் செத்தான் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, ஆளாளுக்கு ஊகித்தார்கள். பனிச்சரிவு என்றது ஒரு கட்சி. கிணறு வெடித்தது என்றது இன்னொரு கட்சி. பிறகு யாரோ கரடி என்றார்கள். கரடிதான் ஜெயித்தது. மாம்பெத்தின் தங்கை ருக்கியா அதற்குள் ஒப்பாரியில் கரடியைச் சேர்த்துவிட்டாள், நாலு அடி, நல்ல சந்தத்தோடு. அதன் பிறகு மாற்ற முடியுமா? கரடியை நான் சொல்லவில்லை.

உடல் எங்கே என்று கேட்பீர்கள். கரடி அந்தச் சிக்கலையும் தீர்த்தது. கூபாத்தின் எண்ணுக்கு ஒருவன் தொலைபேசி அடித்துப் பார்த்தான். எடுக்கவில்லை. செத்தவன் எப்படி எடுப்பான் என்று அதற்கும் ஒருமுறை அழுதார்கள். விருந்துக்கு அந்தச் சிவப்புக் குதிரையை அறுத்தார்கள். ஏறுகிறவன் இல்லாத குதிரை எதற்கு என்று மாம்பெத்தே கயிற்றைப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கும் ஒரு தட்டு வந்தது. கொழுப்பான, நல்ல இறைச்சி.

நிறுத்தியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். ஆனால் யோசியுங்கள். அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் நம்மிடம் வீழ்ச்சி மட்டும்தான் இருந்திருக்கும், எழுச்சி இருந்திருக்காது. ஒரு மனிதரைக் குழிக்குள் இறக்கிவிட்டுப் பாதியிலேயே கிளம்பிப் போவதா? அது கொடுமை. அவர் தன் காலால் ஏறி வருகிறாரா என்று பார்க்கிற பொறுப்பு எனக்கு இருந்தது.

ஏறினார், தம்பி. முதலில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிறகு குடித்தார். பிறகு ஒருநாள் ருக்கியா பேச்சு சுவாரஸ்யத்தில் எண்ணெயில் போட்ட மாவு உருண்டைகளைக் கருக்கிவிட்டாள். "கரடிக்கு வெச்சிருக்கியா?" என்றார் மாம்பெத். எல்லாரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டு அழுதார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் வரைபடத்தில் கோடு இறங்கி ஏறிவிட்டது. அத்தனை அழகான கோட்டை நான் பாடப் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை. நிறுவனத்து அம்மாள் இந்த முறை சிரிக்கவில்லை. தலைநகரத்துக்கு வந்து கூட்டத்தில் பேசச் சொன்னார்.

சாய்ரா மட்டும் ஒருநாள் கேட்டாள். "அக்கா, இந்தச் சேதி முதல்ல யாருக்கு வந்துச்சு?"

"துக்க வீட்டுல கேக்கற கேள்வியா இது?" என்றேன். பாவம், மன்னிப்புக் கேட்டாள். நல்ல வளர்ப்பு. உங்களிடம் வந்து சொன்னதும் அவள்தான் என்று நினைக்கிறேன். அதிலும் எனக்குக் கோபம் இல்லை.

நாற்பதாம் நாள் சடங்குக்கு நானும் போனேன். கடைசி அளவு எடுக்க வேண்டியிருந்தது. பனி உருகி முற்றமெல்லாம் சேறு. பெரிய அண்டாக்களில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் என்று கூட்டம். மாம்பெத் இந்த முறை வரிசையின் கடைக்கோடியில் தடியை ஊன்றி நின்றார். காலையில் அவரிடம் 'கஷ்டமான காலத்துக்குப் பிறகு நான் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடுகிறேன்' என்று படித்தேன். "பழைய நிலை வேணாம் டாக்டரம்மா, இருக்கிற நிலையில நிக்கிறேன், போதும்" என்றார். நான் நாலு போட்டேன்.

மத்தியானம் ஒரு டாக்சி வந்தது. அதன் கூரைமேல் ஒரு மெத்தை கட்டியிருந்தது. முதுகுவலிக்காரர்களுக்கென்று செய்கிற கெட்டி மெத்தை, விலை உயர்ந்தது, பார்த்ததும் தெரிந்துகொண்டேன். வண்டியிலிருந்து கூபாத் இறங்கினான்.

அவன் என்ன பார்த்தான் என்று நினைத்துப் பாருங்கள். தன் வீட்டு முற்றத்தில் துக்கக் கூடாரம். தடி ஊன்றிய ஆண்கள். அந்த வீட்டில் இருக்கிறதே ஒரே ஆள், அவன் அப்பா. வேறு என்ன நினைப்பான்? நம் பிள்ளை, வழக்கம் தெரிந்த பிள்ளை. நின்று யாரையும் கேட்கவில்லை. "என்னப் பெத்த மலையே, அப்பா, உன்னப் பார்க்காமப் போயிட்டேனே" என்று ஓலமிட்டுக்கொண்டு சேற்றில் ஓடிவந்தான்.

ஓலமிட்டு வருகிறவனுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் தலையைத் தூக்காமல் இன்னும் உரக்க ஓலமிட்டுப் பதில் சொல்ல வேண்டும். சொன்னார்கள். அவன் முதல் ஆளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். அவரும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். அடுத்த ஆள். அதற்கடுத்து கெரிம்பாய், அவர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்து, "மனசத் தேத்திக்கோப்பா, கூபாத்து நல்ல பையன்" என்றே சொன்னார். சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார். அதற்குள் கூபாத் கடைசி ஆளிடம் போய்விட்டான். கண்ணை மூடிக்கொண்டு அவர் தோளில் முகத்தைப் புதைத்து, "எங்கப்பா போயிட்டாரே" என்று அழுதான்.

மாம்பெத் அவனை விலக்கிப் பார்த்தார். அவன் கண்ணைத் திறந்தான்.

ஓலம் ஒவ்வொரு வாயாக நின்றுகொண்டே வந்தது. உள்ளே ருக்கியா மட்டும் தெரியாமல் கரடியைப் பாடிக்கொண்டிருந்தாள். மாம்பெத் மகனின் காதைத் தொட்டார், தாடையைத் தொட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, ரொம்பவும் யோசனையாகக் கேட்டார்.

"அப்ப நான்தான் செத்துட்டேனா?"

அவரே முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருக்குக் கால் மடங்கியது. டாக்சிக்காரன் மெத்தையை இறக்கி முற்றத்தில் போட்டிருந்தான், அதில் உட்கார வைத்தார்கள். "உனக்குத்தான்பா வாங்கினேன்," என்றான் கூபாத், வேறு எதுவும் வாயில் வராமல். மாம்பெத் மெத்தையைத் தட்டிப் பார்த்தார். மகன் கையை விடவே இல்லை.

நான் கிட்டே போனேன். அந்தக் கணத்தைத் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது. "ஐயா," என்றேன், "இப்ப ஒரு எண்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை மாதத்தில் முதல்முறையாகக் கேட்டதற்குப் பதில் சொன்னார்.

"பூஜ்யம்."

பிறகு மெத்தையில் சாய்ந்து கண்ணை மூடினார். அசதி, தூங்குகிறார் என்று கூபாத் தன் கோட்டை எடுத்துப் போர்த்தினான். கொஞ்ச நேரம் கழித்துக் கெரிம்பாய் குனிந்து பார்த்தார். மெதுவாக நிமிர்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மற்ற மூன்று பேரும் வந்தார்கள். நாலு பேரும் சேற்றிலேயே கூபாத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"என்ன மாமா?" என்றான் கூபாத். "என்ன?"

நாலு தொப்பியும் குனிந்தன. அண்டாக்களை இறக்க வேண்டியிருக்கவில்லை, அடுத்த துக்கத்துக்கும் அதுவே ஆயிற்று.

இதயம் நின்றுவிட்டது என்று உங்கள் மருத்துவர் எழுதியிருப்பார். சரிதான். ஆனால் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியது இது. என் அளவு தப்பவில்லை. மாம்பெத் துக்கத்திலிருந்து முழுசாக மீண்டுவிட்டார், நாலு மார்க் வாங்கினார். அவரால் மீள முடியாமல் போனது சந்தோஷத்திலிருந்து. அதற்குத் தலைநகரத்துக்காரர்கள் கேள்வியே வைக்கவில்லை. அடுத்த முறை சேர்க்கச் சொல்லி எழுதப் போகிறேன்.

சரி, நேரடியாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நாலு பேரையும் உள்ளே அனுப்பியது நான். கூபாத் உயிரோடு இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். நாற்பது நாளும் தெரியும். குதிரையை அறுத்தபோதும் தெரியும். மாத்திரைகளை மாற்றியதும் நான்தான். கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன்.

வருத்தம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஆம் அல்லது இல்லை என்று பதில் கேட்பது நல்ல கேள்வி அல்ல, தம்பி. என்னைப் பற்றிக் கேட்டால் சொல்வேன். கஷ்டமான காலத்துக்குப் பிறகு நான் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடுகிறேன், ஐந்து. வலி, கடவுள் புண்ணியத்தில் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துப் பேருந்து கவிழ்ந்ததில் எனக்கும் இடுப்பில் ஒரு கணு போயிருக்கிறது, ஆனால் அதைப் போய் வலி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. பலவீனர்கள் செய்கிற காரியம் அது. மாம்பெத்துக்கு ஒரு மகன் இருந்தான். எனக்கு ஊன்றிக்கொள்ள எதுவும் தேவைப்படவில்லை.

அந்தக் கைப்பையை மட்டும் இந்தப் பக்கம் தள்ளுங்கள். நாற்காலி நல்ல நாற்காலிதான், ஆனால் ரொம்ப நேரமாகிவிட்டது. உள்ளே இரண்டு குப்பி இருக்கும். மஞ்சளில் மூன்று கொடுங்கள், நாலாக இருந்தாலும் சரி. வெள்ளை வேண்டாம், தம்பி. அது எதற்கும் கேட்காது.